சல்லடையில் நின்றது

செராமிக்ஸும் முப்பரிமாண வடிவமைப்பும் படிக்கப் போறேன்னு நான் சொன்னப்ப எங்க தீவுல, ஜங்லிகாட்ல எங்க தெருவுல யாருக்கும் ஒண்ணும் புரியல. அப்பாவுக்கு மட்டும் புரிஞ்சுது, அவர் வழியில. "சட்டி பானை செய்ய நாலு வருஷமா? அதுக்கு மெயின்லேண்டு வேற போவணுமா?"ன்னார். போட் இன்ஜின் மெக்கானிக் அவர். கையில கிரீஸ் ஒட்டாத வேலைய வேலைன்னே ஒத்துக்க மாட்டார். எதிர்க்கடை பெங்காலிக்காரர் இன்னும் ஒரு படி மேல போய், "மிட்டி கா டிகிரி?"ன்னு சிரிச்சார். மண்ணுக்கு ஒரு டிகிரி. அதுலேருந்து எனக்கு மிட்டின்னே பேராயிடுச்சு. லீவுக்கு வந்து ஸ்கூட்டர நிறுத்தினா போதும், "ஆ கயி மிட்டி", மண்ணு வந்துட்டாம்பார். என் தம்பி அதக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பான். அவனுக்கு என்னைக் கேலி பண்ண ஆள் கிடைச்சா சோறே வேண்டாம்.

முதல் வருஷத்துல ஒரு பாடம். எல்லாரும் அவங்கவங்க ஊர் மண்ணுல ஒரு கிலோ கொண்டு வரணும், ஓடு செஞ்சு சுடணும். நான் எங்க தீவு மண்ணக் கொண்டு போனேன். சூளையிலேருந்து எடுத்தப்ப ரொம்ப நல்லா இருந்துச்சு, செங்கல்லை விட ஆழமான செவப்பு. விடுதி ஜன்னல் பலகையில பெருமையா வச்சிருந்தேன். பன்னெண்டாம் நாள் நான் துணி மடிச்சிட்டிருக்கப்ப அதுல 'டிக்'குன்னு ஒரு சத்தம். பாத்தா மேல ஒரு சில்லு தெறிச்சிருக்கு. பருப்பு அளவுக்கு ஒரு குழி, குழிக்கு நடுவுல வெள்ளையா ஒரு புள்ளி.

எங்க லெக்சரர் என்னை விட ஆறேழு வயசுதான் பெரியவங்க. அதப் பாத்துட்டு, "உங்க மண்ணுல பவளக்கல் துணுக்கு இருக்கு. சூளையில அது சுண்ணாம்பாயிடும். அப்புறம் காத்துல இருக்க ஈரத்தக் குடிச்சு ஊதும். ஊதினா வெடிக்கும். நல்லா சலிச்சு எடுக்கணும்"னாங்க. நான் நோட்டுல எழுதி கீழ கோடு போட்டேன், ரெண்டு கோடு. நாளைக்கு யாரும் பாவம், பொண்ணு தெரியாம செஞ்சுட்டான்னு என் பக்கம் பேசக் கூடாது பாருங்க, அதுக்குத்தான் இத முதல்லயே சொல்லிடறேன். எனக்குத் தெரியும்.

ரெண்டாவது வருஷம் ஆகஸ்ட்ல தம்பி போயிட்டான். பத்தொம்பது வயசு. லாங் ஐலண்ட்ல அப்பாவோட கூட்டாளி ஒருத்தர் வீட்டுல தங்கி அவரோட டிங்கியில, சின்ன இன்ஜின் போட்டுல, மீன் பிடிச்சிட்டிருந்தான். ஒரு நாள் காலைல வலை எடுக்கத் தனியாப் போனவன் திரும்பல. மூணாம் நாள் டிங்கி கிடைச்சுது. இன்ஜினத் தூக்கி மடக்கி வச்சிருக்கு, தண்ணி பாட்டில்ல பாதி இருக்கு, செருப்பு ரெண்டும் ஜோடியா இருக்கு. அவன் மட்டும் இல்ல. போட்டும் ஹெலிகாப்டரும் ஒரு வாரம் தேடிச்சு. அப்புறம் தேடறத நிறுத்திட்டாங்க. இறப்புச் சர்டிபிகேட் வேணும்னா ஏழு வருஷம் ஆகணும்னு ஆபீஸ்ல சொன்னாங்க.

அம்மாவுக்கு எந்த சர்டிபிகேட்டும் வேண்டாம். மாசாமாசம் முதல் வெள்ளிக்கிழமை மாதா கோயிலுக்குப் போவா, பூசைக்கு எழுதிக் குடுப்பா: காணாமப் போன மகன் சுகமாத் திரும்பி வர. சாமியாரும் படிப்பார். வீட்டுல ராத்திரி வாசக்கதவுக்குத் தாழ்ப்பாள் போட மாட்டா. அவன் சட்டைய எல்லாம் மாசத்துக்கொரு தடவை எடுத்து, யாரும் போடாத சட்டைய, சோப்புப் போட்டுத் துவைச்சு, மடிச்சு உள்ள வைப்பா. அம்மாவப் பாத்துப் பாவமா இருந்துச்சுன்னு எழுதினா நல்லாத்தான் இருக்கும். எனக்கு எரிச்சலா இருந்துச்சு. கொடியில தொங்குற அந்த ஈரச் சட்டைங்களப் பாத்தா எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

எங்க ஆளுங்களுக்கு நவம்பர் ரெண்டு கல்லறைத் திருநாள். முந்தின நாளே கல்லறைக் குழியெல்லாம் கழுவி, புல்லு பிடுங்கி, பூ வச்சிருவாங்க. சாயங்காலம் கல்லறைத் தோட்டத்துலயே பூசை. செத்தவங்க பேர ஒரு துண்டுக் காகிதத்துல எழுதிப் பெட்டியில போட்டா சாமியார் ஒவ்வொண்ணாப் படிப்பார். அப்புறம் குழி குழியாப் போய் தீர்த்தம் தெளிப்பார். தம்பி பேர அப்படி ஒரு தடவை படிக்கணும்னுதான் அப்பா கேட்டார். வேற ஒண்ணும் கேக்கல.

"ரெண்டு நவம்பர் போயிடுச்சு. இன்னும் எத்தன வருஷம் புள்ளய அந்தரத்துல நிப்பாட்டி வைப்ப?"

"உயிரோட இருக்கவன் பேர செத்தவன் பேரோட படிச்சா அது பாவம். அவனுக்குக் குழி எங்க? காட்டும். கல்லு எங்க? காட்டும் பாப்போம்."

அப்பா வெளிய போய் ஸ்கூட்டர எடுத்துட்டு வொர்க்‌ஷாப்புக்குப் போயிருவார். இந்தச் சண்டையில வேற வசனம் கிடையாது, எனக்கு மனப்பாடம்.

மூணாவது வருஷம் முடிஞ்சு மே மாசம் வந்திருந்தேன். அம்மா சூரை மீன் வெட்டிட்டிருந்தா. தலை நிமிரல.

"ஏட்டி, உன் படிப்புல கல்லு செய்வாங்களா?"

"என்ன கல்லு?"

"குழிக்கு வைக்கிற கல்லு."

கத்தி மட்டும் ஓடிட்டிருந்துச்சு.

"கடைக்கல்லு எனக்கு வேண்டாம். அவன் கடைசியா மிதிச்ச மண்ணுல நீ உன் கையால செய்யி. பெரியப்பா குழி காலடியில இடம் கெடக்குல்லா, அங்க நடு. நவம்பருக்குள்ள நட்டேன்னா நான் பேரு எழுதிப் போடுதேன்."

அப்பா உள்ள சாப்பிட்டிட்டிருந்தார். தட்டு சத்தம் நின்னுச்சு. எழுந்து வந்து நிலைப்படியில நின்னு என்னைப் பாத்தார். என் படிப்பப் பத்தி வாய் கூசாமப் பேசின மனுஷன், அன்னைக்கு அவர் கண்ணுல இருந்தது கெஞ்சல். அதப் பாத்திருக்க வேண்டாம்னு இருந்துச்சு எனக்கு.

அடுத்த வாரம் அம்மாவும் நானும் லாங் ஐலண்ட் போனோம். டிங்கியக் கரையேத்தி வைக்கிற இடத்துக்குப் பின்னால ஒரு ஓடை. அதோட கரையிலதான் அவன் தினம் இறங்குவான்னு அப்பாவோட கூட்டாளி காட்டினார். பிசுபிசுன்னு நல்ல களிமண். தொட்ட உடனே இதுல செய்யலாம்னு கைக்குத் தெரிஞ்சுது. நான் மண்வெட்டியால எடுத்தேன், அம்மா கையால அள்ளினா. ரெண்டு அரிசிச் சாக்கு நிறைஞ்சுது. திரும்பி வர்ற வழி பூரா போட்டுல அவ ஒரு சாக்கு மேல கைய வச்சுக்கிட்டே உக்காந்திருந்தா.

வீட்டுல வச்சு சலிச்சேன். மண்ண வாளித் தண்ணியில கரைச்சுச் சல்லடையில ஊத்தணும். நைசானது கீழ இறங்கிடும், கப்பி மேல நிக்கும். கப்பிய எறிஞ்சிடணும். மேல நின்னதுல வேர், நத்தை ஓடு, அப்புறம் வெள்ளை வெள்ளையா பவளக்கல் துணுக்கு. முறத்துல தட்டிக்கிட்டே வந்தேன். ஒரு முறம் நிறைஞ்சுது.

"அத என்ன செய்யப் போற?"ன்னா அம்மா.

"கொட்டணும்."

"கொட்டுறதுக்கா நான் அவ்வளவு தூரம் வந்து அள்ளினேன்? கீழ எறங்குனது வெறும் சேறு. அவன் மிதிச்சது இதுதாம்ட்டி. இதக் கொட்டிட்டு எதுல கல்லு செய்வ?"

"அம்மா, அது கல்லு. ஆகாது."

"கல்லுன்னா இடிச்சாப் பொடியாயிட்டுப் போவுது." சொன்னவ உள்ள போய் இரும்பு உரலும் உலக்கையும் எடுத்துட்டு வந்துட்டா. வேரையும் நத்தை ஓட்டையும் பொறுக்கித் தள்ளிட்டு மிச்சத்த உரல்ல போட்டு இடிக்க ஆரம்பிச்சா.

அங்க நான் வாயத் திறந்திருக்கணும். நோட்டுல ரெண்டு கோடு போட்டவ நான். ஆனா ரெண்டு வருஷத்துல முதல் தடவையா அம்மா அவன் செத்துட்டான்னு வச்சு ஒரு வேலைய கையால செய்யறா. முந்தானைய இழுத்துச் சொருகிட்டு, வேர்த்து விறுவிறுத்து, அவன் குழிக்கல்லுக்கு மண்ணு இடிக்கிறா. அத நிறுத்தி, இது வேதியியல்மான்னு பாடம் நடத்த எனக்கு நாக்கு எழும்பல. நல்லா இடிச்சா மாவாயிடும், மாவானா வெடிக்காதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அதுலயும் பாதி உண்மை இருக்கு. அவ இடிச்சது மாவாகல, ரவையாத்தான் ஆச்சு. அதையும் பாத்தேன். பாத்துட்டுத்தான் பிசைஞ்சேன். பிசைஞ்சதுல முக்கால்வாசிய ஈரத்தோட மூட்டை கட்டிக் கப்பல்ல கொண்டு போனேன். இடிச்ச பொடி கலக்காத சேறு அரைச் சாக்கு வீட்டுலயே கெடந்துச்சு.

கல்ல எப்படிச் செஞ்சேன்னு சொன்னா எனக்கு இன்னும் கை பரபரங்கும். ரெண்டு விரக்கடை கனத்துக்குப் பலகை தட்டினேன். நெளியாம இருக்க அடியில குறுக்குச்சட்டம் கொடுத்தேன். மழைத்தண்ணி நிக்காம மேல்பக்கத்த லேசாச் சரிச்சு, மெழுகு உருகி ஓட ஒரு வாய்க்கால் வச்சேன். பேர நானே செதுக்கினேன். மூணு வாரம் துணி மூடி மூடி காய வச்சேன். நாலு வருஷத்துல நான் செஞ்சதுலயே உருப்படியானது அதுதான்.

காஞ்சிட்டிருக்கப்ப லெக்சரர் வந்து குனிஞ்சு பாத்தாங்க. நகத்தால ஒரு வெள்ளைப் புள்ளியக் கீறிட்டு, "சலிச்சியா?"ன்னு கேட்டாங்க. "சலிச்சேன்"னேன். பொய் இல்ல பாருங்க, சலிக்கத்தான் செஞ்சேன். "எதுக்கும் சூளை திறந்த உடனே தண்ணியில முக்கி வை. சுண்ணாம்பு ஊதறதுக்குள்ள கரைஞ்சு அடங்கிடும். அப்புறம் ரெண்டு வாரம் வச்சுப் பாத்துட்டு எடுத்துட்டுப் போ."

ரெண்டு வாரத்துக்கு நான் எங்க போக? எங்க ஊர்க் கப்பல் விவரம் தெரிஞ்சவங்களுக்கு இது புரியும். திடீர்னு தேதி அறிவிச்சாங்க. அதத் தவறவிட்டா அடுத்த கப்பல் நவம்பர் பத்துக்கு மேல. அந்தக் கனத்த விமானத்துல கொண்டு போற பேச்சே இல்ல. காலைல சூளை திறந்தோம், மத்தியானம் அதையே மார்க்குக்கு வச்சுக் காட்டுற ஜூரி, சாயங்காலம் சென்னைக்கு ரயில். தண்ணியில முக்கினா ஊறின கல்லு காய ரெண்டு நாளாவது வேணும். முக்கல.

ஜூரிக்கு வெளியேருந்து வந்த ஒருத்தர் கல்ல சுத்தி சுத்தி வந்து, "இதோட கான்செப்ட் என்ன?"ன்னார்.

"கான்செப்ட் எல்லாம் இல்ல சார். என் தம்பி குழிக்கு வைக்கணும். ஏழு மணிக்கு ரயில்."

அதையும் ஒரு கான்செப்ட்னு நினைச்சிட்டார் போல, தலைய ஆட்டி ஆட்டி எழுதினார். வகுப்புலயே எனக்குத்தான் அதிக மார்க். அந்த மார்க் ஷீட்ட நான் யாருக்கும் காட்டினதில்ல.

கப்பல்ல நான் படுக்கற பங்க்குக்குக் கீழ போர்வை சுத்தி வச்சு, காலால தொட்டுக்கிட்டே வந்தேன். இறங்கினப்பக் கீறல் கூட இல்ல. அக்டோபர் இருபத்தொம்பது, பெரியப்பா குழி காலடியில கொத்தனார் சிமெண்ட் வச்சு நட்டார். அம்மா முட்டி போட்டுப் பேர் மேல விரலால தடவினா. அழுவான்னு நினைச்சேன். "வழுவழுன்னு இருக்கு"ன்னா. அன்னைக்குச் சாயங்காலம் காகிதத்துல அவன் பேர எழுதி செபப் புத்தகத்துக்குள்ள வச்சா. அப்பா அதப் பாத்துட்டு எங்கிட்ட வந்து, "உன் படிப்பு நல்ல படிப்புதான்"னார். அன்னைக்கு ராத்திரி முதல் தடவையா எங்க வீட்டு வாசக்கதவுக்குத் தாழ்ப்பாள் விழுந்துச்சு. சத்தம் கேட்டு நான் எழுந்து உக்காந்துட்டேன்.

அப்புறம் மழை பிடிச்சுது. ஐப்பசி மழை, நாள் பூரா நசநசன்னு. எனக்குத் தூக்கமே வரல. முப்பத்தொண்ணாம் தேதி விடிஞ்சும் விடியாம கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். கல்லோட மேல் ஓரத்துல பருப்பு அளவுக்கு ஒரு குழி. நடுவுல வெள்ளைப் புள்ளி. கீழ ஒரு சில்லு கெடக்கு.

அதுக்கப்புறம் நான் செஞ்சது வெறும் திருட்டு வேலை. அப்பா இன்ஜின் ஓட்டைய அடைக்கிற பசைய எடுத்து, செங்கல் தூள் கலந்து, குழிய அப்பினேன். முதல் தேதி காலைல கல்லுல ஆறு குழி, ஒண்ணு பேருக்குப் பக்கத்துலயே. அதையும் அப்பினேன். "நீ வராத, மழையா இருக்கு, குழியெல்லாம் நானே கழுவிட்டேன்"னு அம்மாகிட்ட சொன்னேன். "பொறுப்பு வந்துட்டே உனக்கு"ன்னா. ஒரே ஒரு நாள் தாங்கினாப் போதும்னு வேண்டிக்கிட்டேன். பேரப் படிச்சு முடிச்சிட்டா அப்புறம் தூள் தூளாப் போனாலும் போகட்டும்.

ரெண்டாம் தேதி மழை விட்டிருந்துச்சு. ஜங்லிகாட், ஷாதிபூர்னு எல்லா இடத்துலேருந்தும் சனம் பூவும் மெழுகுவர்த்தியுமா வந்துட்டிருந்துச்சு. அம்மா உள்ள நுழைஞ்ச உடனே பெட்டிகிட்டப் போனா. காகிதத்த நெத்தியில ஒத்திக்கிட்டு உள்ள போட்டா. போட்டுட்டா. நான் மூச்சு விட்டேன். பூசைக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்துச்சு. "மெழுகுவர்த்திய ஏத்திட்டு வந்துருவோம்"னு குழிப் பக்கம் நடந்தா. நான் பின்னாலயே ஓடினேன்.

கல்லு மூலைக்கு மூலை பொளந்து கெடந்துச்சு. பாதி சிமெண்ட்ல நிக்குது, பாதி சரிஞ்சு சேத்துல கெடக்கு. நான் அப்பின பசை தனியா உரிஞ்சு தொங்குது.

அம்மா குனிஞ்சு, சேத்துல கெடந்த துண்டப் பாத்தா. அப்புறம் திரும்பினா. அவ முகத்துல நான் எதிர்பாத்தது எதுவும் இல்ல.

"அவன் ஒத்துக்கல பாத்தியா. நாலு நாள் கூட நிக்கல. இருக்கவனுக்குப் போய் கல்லு வச்சோமே."

விறுவிறுன்னு போனா. பெட்டிகிட்ட நின்ன உபதேசியார்கிட்ட, "ஒரு பேரு தப்பாப் போட்டுட்டேன், எடுத்துக்கிடுதேன்"னு சொல்லி, பெட்டியில கைய விட்டுத் தேடி, அந்தக் காகிதத்த எடுத்துட்டா. அவ கையெழுத்து அவளுக்குத் தெரியாதா.

அப்பா என்னை மதில் ஓரமா இழுத்தார். "ஏன் ஒடஞ்சுது? நீதான படிச்சவ, உனக்குத் தெரியும்ல. போய் அவகிட்ட சொல்லு. இது சாதாரணமா நடக்கிறதுதான்னு சொல்லு. இன்னும் பத்து நிமிஷம் இருக்கு."

போய்ச் சொன்னேன். மண்ணுல சுண்ணாம்பு இருந்துச்சும்மா, ஈரம் பட்டா ஊதி வெடிக்கும், என் முதல் வருஷ ஓடும் இப்படித்தான் வெடிச்சுது, இதுக்கும் தம்பிக்கும் சம்பந்தம் இல்லன்னு. அம்மா நிதானமாக் கேட்டா. அவ ஒண்ணும் முட்டாள் இல்ல.

"அந்தச் சுண்ணாம்பு எங்கேருந்து வந்துச்சு?"

"பவளக்கல்லுலேருந்து."

"சல்லடை மேல வெள்ளை வெள்ளையா நின்னுச்சே. நீ கொட்டணும்ன. நான் இடிச்சுப் போட்டேன். அதுவா?"

ஆமான்னு ஒரு வார்த்தை. சொல்லியிருந்தா காகிதம் பெட்டிக்குத் திரும்பப் போயிருக்கும். அப்பாவுக்கு அவர் கேட்டது கிடைச்சிருக்கும். மகன் செத்துட்டான்னும், அவன் குழிக்கல்ல உடைச்சது தன்னோட கைதான்னும், ரெண்டையும் ஒரே நிமிஷத்துல அவ தலையில நான் வச்சிருப்பேன். மதில் ஓரத்துலேருந்து அப்பா பாத்துக்கிட்டே இருந்தார்.

"இல்லம்மா"ன்னேன். "அது இல்ல. ஏன்னு எனக்கே சரியாத் தெரியல."

"அப்படிச் சொல்லு"ன்னா. "படிச்ச உனக்கே தெரியலல்லா." காகிதத்த நாலா மடிச்சுச் செபப் புத்தகத்துக்குள்ள வச்சா. ரெண்டு வருஷமாப் பாக்காத ஒரு தெளிவு அவ முகத்துல. எனக்கு அந்தச் சேத்துலயே உக்காந்து கத்தணும் போல இருந்துச்சு.

சாமியார் பேர் படிக்க ஆரம்பிச்சார். நிறைய பேர். பெரியப்பா பேர் வந்துச்சு. அதோட எங்க வீடு முடிஞ்சுது. அப்பா கடைசி வரைக்கும் நின்னார், உதடு மட்டும் அசைஞ்சுட்டே இருந்துச்சு. தம்பி பேர அவராப் படிச்சுக்கிட்டார்னு நினைக்கிறேன். அன்னைக்கு ராத்திரி தாழ்ப்பாள் போடல.

படிப்பு முடிஞ்சு இப்ப நான் மெயின்லேண்டுல ஒரு கம்பெனியில வாஷ்பேசின் வடிவமைக்கிறேன். எதிர்க்கடைக்காரர் இப்ப மிட்டின்னு கூப்பிடறதில்ல, "டீக் ஹை பேட்டி?"ன்னு நலம் விசாரிக்கறதோட சரி. அப்பா அந்தக் கல்லப் பத்தி அப்புறம் ஒரு தடவை கூட எங்கிட்டக் கேட்டதில்ல. கேட்டிருந்தா உண்மையச் சொல்லியிருப்பேன். அதனாலதான் கேக்கலயோ என்னவோ. முதல் வெள்ளி பூசைக்கு அம்மா இன்னும் எழுதிக் குடுக்கறா.

வீட்டுல கெடந்த அந்தக் கலக்காத மண்ண, போன வருஷம் லீவுல போனப்ப மறுபடி கரைச்சு, ரெண்டு நைஸ் சல்லடையில ஒண்ணு மாத்தி ஒண்ணு ஊத்திச் சலிச்சேன். மேல நின்னத தெருவோர ஓடையில கொட்டிட்டேன், யாரையும் கேக்கல. கொஞ்சம் எடுத்துட்டு வந்து ஒரு ஓடு செஞ்சு சுட்டு, திரும்ப ஊருக்கே அனுப்பி, வீட்டு ஜன்னல்ல வைக்கச் சொன்னேன். ஒரு மழைக்காலம் முழுக்க அங்கேயே இருக்கு. ஒரு புள்ளி கூட வெடிக்கல. அம்மா அது மேல உப்பு டப்பா வச்சிருக்கா. மிச்ச மண்ணு ஒரு கல்லுக்குத் தாராளமாக் காணும். இந்தத் தடவை செஞ்சா உடையவே உடையாது. அம்மா கேக்கல, நானும் செய்யல.